பதிவு அலுவலகமும் பலிபீடமும்

கேள்வி: தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டால், கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் அதை நடத்திவைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்களா? பிறகு மதச் சுதந்திரம் என்னாவது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: யாரும் கேட்காத ஒன்றைக் குறித்து அஞ்சுகிறீர்கள். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புக் கோரிய வழக்கின் விசாரணை 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கியபோதே, மதம் சார்ந்த தனிச் சட்டங்களுக்குள் நுழையப்போவதில்லை என்று அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் சொல்லிவிட்டார். பேசப்பட்டது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதன்படி மணம் முடிக்கப் புரோகிதரோ பாதிரியாரோ காஜியோ தேவையில்லை. 30 நாள் அறிவிப்பும், மூன்று சாட்சிகளும், திருமணப் பதிவு அலுவலர் முன்னிலையில் இடும் கையொப்பமும் போதும்.

நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்றவர் மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், முதல் துணை உயிரோடிருக்க, அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை அறிவிக்காத வரை, கத்தோலிக்கப் பாதிரியார் அதை நடத்திவைப்பதில்லை. நடத்தியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரை வற்புறுத்துவதில்லை. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று ஒரு காலத்தில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அவற்றுக்குச் சட்டத் தகுதி தந்தார்கள். அதனால் அக்னி சாட்சியாக நடக்கும் திருமணம் ஒன்றாவது நின்றுபோனதா?

அரசு அலுவலரின் நிலை வேறு. சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி, சட்டம் அனுமதித்த பதிவை அவர் மறுக்க முடியாது. 2015-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் திருமண உரிமம் வழங்க மறுத்த அதிகாரி கிம் டேவிஸ், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை வைக்கப்பட்டார். எந்தப் பாதிரியாருக்கும் அந்த நிலை வரவில்லை.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்த ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஒன்றுபட்டு, சட்டம் இயற்றுவதை நாடாளுமன்றத்திடம் விட்டார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது, நல்லதுதான். ஆனால் நாமினி வாரிசு ஆகமாட்டார். இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், அவர் பெயரிலிருக்கும் வீடு, ஒருநாளும் எட்டிப்பார்க்காத உடன்பிறந்தவருக்குக்கூடப் போகலாம். படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டவருக்கு அதில் பங்கும் இல்லை, குடும்ப ஓய்வூதியமும் இல்லை.