லூக்கா போய்விட்டான், நான் எந்தக் கட்சி?

அன்புள்ள மேடத்துக்கு,

படித்துவிட்டுச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வயது முப்பத்தாறு. மன்னார்குடிப் பக்கம் கிராமம். விவசாயம், கூடவே ஒரு சின்ன உரக்கடை. மனைவி, ஒரு பையன். குடி, கடன், பங்காளித் தகராறு எதுவும் கிடையாது. என் பிரச்சினை அமெரிக்காவில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் ஆடியவன் நான். 2011-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி மியாமியை 4-2 என்று வென்று, அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்.பி.ஏ.வின் கோப்பையை எடுத்தது. அன்றிலிருந்து நானும் என் நண்பனும் டல்லாஸ் கட்சி. அப்போது அங்கே டர்க் நோவிட்ஸ்கி. 21 சீசன் ஒரே அணிக்கு ஆடிய மனுஷன். அவர் 2019-ல் ஓய்வு பெறும்போது, அடுத்த ஆள் தயாராக வந்து நின்றான். லூக்கா டான்சிச், ஸ்லோவேனியாக்காரன். 2018-ல் வந்து சேர்ந்தபோது 19 வயசு. 2024-ல் இறுதிப் போட்டிவரை அணியை இழுத்துக்கொண்டு போனான். பாஸ்டனிடம் தோற்றோம். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நண்பனும் பேசிக்கொண்டோம்.

நண்பன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை. நான் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்து போனில் பார்ப்பேன். அவன் வேலைக்குப் போகிற ரயிலில் பார்ப்பான். வாய்ஸ் மெசேஜ் பறக்கும்.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இருந்தேன். ஈரப்பதம் 17-ஐத் தாண்டினால் எடுக்க மாட்டார்களே என்று தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. லூக்காவை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள், பதிலுக்கு அங்கிருந்து ஆந்தனி டேவிஸ் வருகிறார் என்று. செய்தி போட்ட நிருபரின் கணக்கையே யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பலரும் நினைத்தார்கள். நானும்தான்.

ஏப்ரலில் அவன் லேக்கர்ஸ் சட்டையோடு டல்லாஸில் ஆட வந்தான். அவனுடைய பழைய ஆட்டங்களை வீடியோவாகப் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதான். அப்புறம் எழுந்துபோய் 45 பாயிண்ட் போட்டு எங்களைத் தோற்கடித்தான். உளுந்து பிடுங்க ஆள் வந்து நிற்கிறார்கள், நான் வரப்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் நிலைமை இதுதான். லூக்கா நன்றாக ஆடினால் சந்தோஷம். லேக்கர்ஸ் தோற்றால் அதுவும் சந்தோஷம். ஒரே ஆட்டத்தில் இரண்டும் நடந்தால் அன்றைக்குப் பூரா மனசு லேசாக இருக்கிறது, உடனே வெட்கமாகவும் இருக்கிறது. புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான குலுக்கலில் டல்லாஸுக்கு முதல் இடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் என்ற பதினெட்டு வயசுப் பையன் வந்தான். அவன் ஆட்டம் பிடித்திருக்கிறது. பிடிப்பதே லூக்காவுக்குச் செய்யும் துரோகம் மாதிரி இருக்கிறது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அந்த டிரேடைச் செய்த மேலாளர் நிகோ ஹாரிசனை நவம்பரில் நீக்கினார்கள். அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடியேதான் இருந்தது.

நான் லேக்கர்ஸ் ஆட்டம் பார்ப்பது நண்பனுக்குத் தெரிந்துவிட்டது. "ஆளு போனா போறான், டீம்தான்டா கட்சி. நீ தாவிட்டே" என்றான். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பேசுவியா" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. தீபாவளிக்கு, பொங்கலுக்குக்கூட மெசேஜ் இல்லை. "பெத்த புள்ள பரீட்சைக்கு இந்தக் கவலை பட்டிருக்கீங்களா?" என்கிறாள் மனைவி.

எனக்கு ஏதாவது கோளாறா மேடம்? நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரருக்கு,

ஒரே ஒரு இடத்தில் சிரித்தேன், காரணம் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்த இடத்தில். மன்னிக்க வேண்டும். மற்றபடி இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கோளாறா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். திரையிலும் வானொலியிலும் தினம் வருகிறவரை நமக்குத் தெரிந்தவர்போல மனசு ஏற்றுக்கொள்வதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது; நமக்கு அவர் நடை, கோபம், சிரிப்பு எல்லாம் தெரியும். உறவு ஒருபக்கம்தான், ஆனால் அதில் வருகிற வருத்தம் பொய்யில்லை. 'இதற்கெல்லாமா அழுவார்கள்' என்று ஊர் நினைக்கிற துக்கத்தைத் தனியாகவே எடுத்து ஆராய்ந்தவர் கென்னத் டோகா என்ற பேராசிரியர். யாரும் துக்கம் விசாரிக்க வராத துக்கம் ஆறுவதற்கு நாளாகும். தூக்கம் கெட்டு, கடையைத் திறக்காமல், வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்றால் நேரில் வரச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

உங்களைக் குழப்புவது வேறு. கோபம் இருக்கிறது, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

லெப்ரான் ஜேம்ஸ் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிளீவ்லேண்ட் பக்கத்து அக்ரான் ஊர்ப் பிள்ளை, ஆடியதும் கிளீவ்லேண்ட் அணிக்கு. 2010 ஜூலையில் டிவியில் உட்கார்ந்து, மியாமிக்குப் போகிறேன் என்று தானே அறிவித்தார். ஊர் மக்கள் அவர் பெயர் போட்ட சட்டையைத் தெருவில் கொளுத்தினார்கள். அணியின் முதலாளியே துரோகம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த டிசம்பரில் அவர் எதிரணியாக வந்து பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கமே கூச்சல் போட்டது. 2014-ல் அவர் திரும்பி வந்தார். அதே ஊர் கொண்டாடியது. 2016-ல் 1-3 என்று பின்தங்கிய இறுதித் தொடரை ஜெயித்து, 1964-க்குப் பிறகு அந்த நகரத்துக்கு ஒரு பெரிய கோப்பையைக் கொண்டுவந்தார். 2018-ல் மறுபடியும் கிளம்பினார், லேக்கர்ஸுக்கு. இந்தத் தடவை அந்தப் பழைய ஆவேசம் இல்லை. கெவின் டுராண்ட் 2016-ல் தன்னைத் தோற்கடித்த அணியிலேயே போய்ச் சேர்ந்தபோது அவருடைய பழைய அணியான ஓக்லஹோமாவின் ரசிகர்கள் கொதித்தார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு வசதி இருந்தது. போனவர் தானாகப் போனார். கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

உங்கள் லூக்கா போகவில்லை, அனுப்பப்பட்டார். அவருக்கே செய்தி கடைசியில்தான் வந்தது. டல்லாஸ் ரசிகர்கள் அரங்க வாசலில் நோவிட்ஸ்கி சிலைக்குப் பக்கத்தில் சவப்பெட்டி வைத்தார்கள். 'நிகோவை நீக்கு' என்ற கோஷம் மாதக்கணக்கில் ஓயவில்லை. கோப்பை வேண்டுமென்றால் தடுப்பாட்டம் பலமாக வேண்டும் என்று நிர்வாகம் தன் காரணத்தைச் சொன்னது. இருக்கலாம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் உழவு மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு வந்த அப்பாவிடமும் ஒரு காரணம் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு முக்கியமில்லை, தங்களிடம் கேட்கவில்லையே என்பதுதான் முக்கியம். ரசிகன் வருஷக்கணக்கில் காலைத் தூக்கத்தைக் கொடுக்கிறான், ஆனால் அவனுக்கு அங்கே ஓட்டு கிடையாது. ஹாரிசனை நீக்கியதில் தப்புக்குத் தண்டனை கிடைத்தது, மாடு திரும்பவில்லை. டீ குடித்த மறுநாள் உங்களுக்கு வெறிச்சென்று இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்கள். டெல்டாக்காரர் நீங்கள், 2018-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து நம் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி.க்கு இறங்கியது. மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி ஊர் ஊராக மறியல். அதே ஏப்ரலில்தான் இரண்டு வருஷத் தடை முடிந்து சி.எஸ்.கே. சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. முதல் ஆட்டத்திலேயே மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது, மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. அந்த மாதம் நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் பகலில் ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டு, ராத்திரி அப்பாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் ஸ்கோர் பார்த்தார்கள்! 'தண்ணி இல்லாதப்ப மேட்ச் ஒரு கேடா' என்று அப்பா திட்டியது நியாயம். தோனி அடித்த சிக்ஸருக்குப் பையன் துள்ளியதிலும் பொய் இல்லை. யாரும் ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் கோப்பையும் வந்தது, அதை நம் மாவட்டங்களில் கொண்டாடாத தெரு உண்டா?

அதற்கு முந்தைய இரண்டு வருஷம் தோனி புனே சட்டையில் ஆடினாரே, அவரைக் கட்சி தாவியவர் என்று யாராவது சொன்னார்களா? அணிக்குத் தடை, அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ஜடேஜா படத்தை வைத்திருந்தவர்கள் அதைக் கிழித்தா போட்டார்கள்? உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? லூக்காவை ரசியுங்கள், டல்லாஸுக்கு ஆதரவாக இருங்கள், நிர்வாகத்தின்மேல் கோபமாகவே இருங்கள். மூன்றுக்கும் இடம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, அதுவும் இந்த சீசனுக்குள்.

இதில் கை வைத்துச் சரிசெய்ய வேண்டியது ஒன்றுதான், உங்கள் நண்பர். கடிதத்தில் அவரைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைத் திரும்பப் படித்தேன். லூக்கா போனதைவிட அந்தக் காலை நேர வாய்ஸ் மெசேஜ் நின்றதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். இருவருக்கும் ஒரே இழப்பு. நீங்கள் ஆளைத் தொடர்ந்து போனீர்கள், அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஊரைவிட்டு வெளிநாட்டில் இருப்பவருக்கு, எதாவது ஒன்று மாறாமல் இருக்கட்டும் என்ற ஆசை இருக்கலாம். இது என் ஊகம்தான், அவரைக் கேட்டால்தான் தெரியும். 'தாவிட்டே' என்று அவர் சொன்னது கிண்டலாகக்கூட இருந்திருக்கலாம். மனசே இல்லை என்று நீங்கள் சொன்னது கிண்டல் இல்லை.

நீளமாக விளக்கம் எழுதி அனுப்பாதீர்கள். லூக்கா பேச்சோடும் ஆரம்பிக்காதீர்கள். கூப்பர் ஃபிளாக் அடுத்த தடவை நன்றாக ஆடும்போது, "பார்த்தியாடா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். உங்களுக்கு அந்தப் பையனைப் பிடிக்கும் என்பது உங்கள் நண்பருக்கு இன்னும் தெரியாது. நீங்கள் டல்லாஸை விட்டுவிட்டீர்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பதில் வந்தால், அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று ஒரு வரி. போதும். இரண்டும் மேற்குப் பிரிவு அணிகள், டல்லாஸும் லேக்கர்ஸும் ஒவ்வொரு சீசனிலும் மோதத்தான் போகின்றன. அந்த ஆட்டத்தை இருவரும் சேர்ந்தே பாருங்கள். அவர் டல்லாஸுக்குக் கத்தட்டும், நீங்கள் அந்தந்த நேரம் எதற்குத் தோன்றுகிறதோ அதற்குக் கத்துங்கள்.

மனைவி சொன்னதை மட்டும் இதோடு கலக்காமல் தனியாகக் கேளுங்கள். பையன் பரீட்சையைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வருகிறார், கூடைப்பந்து அதற்கு ஒரு சாக்கு.

லேக்கர்ஸ் தோற்கும்போது உங்களுக்கு வருகிற சந்தோஷத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. கேட்டாலும் தர மாட்டேன்.