தினமும் பைபிள் வாசிக்கிறேன், ஆனால் விசுவாசத்தில் வளர்ந்ததாகத் தெரியவில்லை. எப்படி வாசிப்பது?

உங்கள் கேள்வியில் ஒரு வரியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாகத் திட்டப்படி வாசிக்கிறீர்கள், ஆனால் காலையில் வாசித்தது என்ன என்று சாயங்காலம் யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இரண்டு வருடம் இதே நிலையில் இருந்தேன். அதனால்தான் பதில் எழுதத் தோன்றியது. நான் போதகர் இல்லை. ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். போனில் அந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டு, டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் வாசித்து, ஒவ்வொரு நாளுக்கும் டிக் போட்டு, இரண்டு முறை முழுவதும் முடித்தேன். பலரும் நின்றுபோகும் லேவியராகமத்தையும் தாண்டினேன். டிசம்பர் 31 ஆராதனையில் முழு வேதாகமத்தையும் வாசித்தவர்கள் எழுந்து நிற்கச் சொன்னபோது நானும் நின்றேன். அந்த இரண்டு வருடத்திலும் என் கோபம் குறையவில்லை, பயம் குறையவில்லை, ஜெபம் நீளவுமில்லை. முழுதாக வாசிப்பது நல்லதுதான். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்ற தெளிவு எனக்கு அதில்தான் கிடைத்தது. ஆனால் அது ஊரைச் சுற்றிப் பார்ப்பது மாதிரி. அங்கே குடியிருப்பது வேறு.

மாற்றம் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், எங்கள் ஆச்சியிடம்தான் போய் நிற்கிறேன். மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். பனையோலைப் பெட்டி முடைவாள். விடியற்காலம் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, கருப்பு அட்டை பைபிளில் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டு வாசிப்பாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வசனத்துக்கு மேல் போகாது. பிறகு ஓலையைக் கையில் எடுப்பாள். முடையும்போது அதே வசனத்தில் பாதி வாயில் ஓடிக்கொண்டிருக்கும். லீவுக்குப் போயிருந்த ஒரு சமயம் ஒரு சங்கீதத்தை நான் கடகடவென்று வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். "என்னட்டி அவசரம்? கஞ்சிய விழுங்குத மாதிரி வாசிக்கியே" என்றாள்.

முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வருகிறதே, அந்தத் 'தியானம்' என்ற இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் வினை 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அதன் பொருள். ஏசாயா புத்தகத்தில் சிங்கம் இரையைப் பிடித்து வைத்துக்கொண்டு உறுமுவதற்கும், புறா முனகுவதற்கும் இதே சொல்தான் வருகிறது. தியானம் என்றால் கண்ணை மூடி மனதை வெறுமையாக்குவது என்று அதுவரை நினைத்திருந்தேன். இதைத் தெரிந்துகொண்ட அன்று ஆச்சியின் முணுமுணுப்புதான் காதில் கேட்டது. அவள் செய்தது அதுவேதான். எபிரெயம் என்று ஒரு மொழி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அப்புறம் நானும் அளவைக் குறைத்தேன். பத்துப் பதினைந்து வசனம், போனில் இல்லாமல் புத்தகத்தில், உதடு அசைய ஒரு முறை. பிறகு மெதுவாக இன்னொரு முறை. இரண்டாம் முறை ஏதாவது ஒரு வார்த்தை இடறும். புரியாததாக இருக்கலாம், குத்துவதாக இருக்கலாம், ஏனென்றே தெரியாமல் பிடித்துப்போகலாம். அங்கேயே நின்றுவிடுவேன். பெட்டிக்கடையில் வாங்கிய நூறு பக்க நோட்டில் தேதி போட்டு அந்த வார்த்தையையும், அதன் கீழே ஒரே ஒரு வரியையும் எழுதுவேன். முழுப் பக்கம் எழுத ஆரம்பித்தால் நாலு நாளில் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வார்டில் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அந்த வார்த்தை கூடவே வரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்பா இறந்த வருடம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுவேன், வார்த்தை வராது. அப்போது 119-ம் சங்கீதத்தை எடுத்தேன். 176 வசனம், எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள், ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்து வரிசையில் போகும். தினம் ஒரு பகுதி. பதினோராம் நாள் இந்த வசனம் வந்தது: "புகையிலுள்ள துருத்தியைப்போலானேன், உமது பிரமாணங்களையோ மறவேன்."

துருத்தி என்றதும் கொல்லன் பட்டறையில் காற்று ஊதும் துருத்திதான் நினைவுக்கு வந்தது. பொருந்தவே இல்லை. இதே சொல்லை வேறெங்கோ வாசித்த ஞாபகம் வந்து தேடினேன். மாற்கு 2-ல் இருந்தது. புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் ஊற்றினால் கிழிந்துபோகும் என்று இயேசு சொல்லும் இடம். அப்படியென்றால் இது தோல்பை. உடனே ஆச்சி வீட்டு அடுப்படி கண்முன் வந்தது. விறகடுப்புக்கு மேலே பரணில் கருப்பட்டி வைத்த ஓலைப்பெட்டி இருக்கும். புகை பட்டுப் பட்டு அது கறுத்து, விரல் வைத்தால் மொறுமொறுவென்று ஒடியும். தோல்பை அப்படித் தொங்கினால் காய்ந்து, சுருங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிடிக்காததாகிவிடும். நான் இருந்த நிலை அதுவே. நான் எத்தனை வார்த்தை தேடியும் சொல்ல முடியாததை ஒருவர் எப்போதோ தேவனிடம் சொல்லி வைத்திருக்கிறார், அது வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்று அழுதேன். இறுதிச் சடங்கில்கூட நான் அழவில்லை. மூன்று வாரம் அந்த ஒரு வசனம்தான் என் ஜெபம்.

திட்டப்படி வாசித்த இரண்டு வருடத்திலும் இதே வசனத்தை இரண்டு முறை கடந்து போயிருக்கிறேன். கண்ணில் பட்ட நினைவுகூட இல்லை.

வளர்ச்சி என்று நீங்கள் கேட்டது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஒரு மாதம் நாலு நாள் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து 400 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் யாக்கோபு நிருபம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் அதிகாரத்தில் "வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று வந்தது. 'பிடிக்கப்பட்டு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முந்தின நாள் என் கணவரிடம் "நாலு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டேன்" என்று அதே சொல்லில்தான் சொல்லியிருந்தேன். இன்னொன்றும் கவனித்தேன். அங்கே முதலில் கூக்குரலிடுவது வேலைக்காரர் இல்லை. கூலியே கூக்குரலிடுகிறது. அந்த 400 ரூபாய் அப்போது அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே மடித்து வைத்தபடி இருந்தது. மறுநாள் காலையில் அவர் வந்ததும், நான் செய்தது தப்பு என்று சொல்லி அதைக் கொடுத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டால் மருத்துவமனையில் சம்பளம் பிடிப்பதில்லையே என்பது அதற்கு முன் ஒருமுறையும் என் புத்தியில் உறைத்ததில்லை. இப்போது அவருக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் விசுவாசம் வளர்ந்த நாள் எது என்று கேட்டால் முழு வேதாகமத்தையும் முடித்த நாளைச் சொல்ல மாட்டேன், இந்த நாளைத்தான் சொல்வேன்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புது வருட ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை நானும் பைபிளுக்குள் பத்திரமாக வைக்கிறவள்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடாதீர்கள், முன்னும் பின்னும் வாசியுங்கள். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருடம் ஆகும் என்கிறது. ஐந்தாம் வசனத்தில், அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்புவதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அது தெரிந்தபின் அந்த வசனம் எனக்கு இன்னும் கனமானது. புற்றுநோய் வார்டில் ஒரு நோயாளிக்கு அதை வாசிக்கும்போது, சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்ற அர்த்தத்தில் இப்போது நான் வாசிப்பதில்லை. இங்கேயும் தேவன் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற அர்த்தத்தில் வாசிக்கிறேன்.

மொழி புரியவில்லை என்றால் கூச்சப்பட வேண்டாம். சபையில் நாம் வாசிக்கும் தமிழ் 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதன் ஓசைக்காக நான் அதை விடமாட்டேன். மனதில் நிற்பதும் அதுதான். விளங்காத இடத்தில் 1995-ல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். அதிலும் விளங்காவிட்டால் யாரிடமாவது கேட்பேன். அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரியும், ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றுதான் பிலிப்புவிடம் சொன்னார். எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். சனிக்கிழமை இரவு போனில் அந்த வாரத்து வார்த்தைகளைச் சொல்லிக்கொள்வோம். பத்து நிமிடம் போதும்.

விட்டுப்போன நாட்களைப் பற்றி நீங்கள் ரொம்பக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்ட நாளின் பகுதியை மறுநாள் சேர்த்து வாசித்துக் கணக்கை நேராக்காதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கொடுத்த மன்னாவை அன்றன்றைக்குப் பொறுக்கச் சொன்னார் கர்த்தர். சேர்த்து வைத்தது பூச்சிபிடித்து நாறியது. விட்டது போகட்டும், இன்றைக்கு உள்ளதை எடுங்கள். தொடர்ந்து இரவு டியூட்டி வரும் வாரங்களில் நானே வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுவேன், எழுந்து சாப்பிட்ட பிறகுதான் வாசிப்பேன். முன்பு அதை நினைத்து வருந்துவேன். 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்தபின் வருந்துவதில்லை. போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கிவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தூதன் தட்டி எழுப்புகிறான். கடிந்துகொள்ளவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். இரண்டாந்தரமும் எழுப்பி, நீ போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். தேவனுடைய மெல்லிய சத்தத்தை எலியா கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த அடையை நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் காலையில் தோசையைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

சரி, நாளைக்கு எங்கே ஆரம்பிப்பது? திட்டத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு மாற்குவை எடுங்கள். சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம்தான். ஒரு அதிகாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்தால் ஒன்றரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முதல் அதிகாரம் 45 வசனம், நாளுக்குப் பதினைந்து. மூன்றாம் நாள், இயேசு ஜெபிக்கப் போவதைச் சொல்லும் 35-ம் வசனம் வரும்: "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு..." அங்கே கொஞ்சம் நின்று, முந்தின நாள் சாயங்காலம் என்ன நடந்தது என்று 32-லிருந்து மறுபடி வாசித்துப் பாருங்கள். ஊர் முழுவதும் வாசலில் வந்து நின்றிருக்கும். நோயாளிகள், பேய் பிடித்தவர்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு இரவுக்குப் பிறகுதான் அந்த இருட்டோடே. என் நோட்டில் மாற்கு முதல் அதிகாரத்துக்கு நேரே அந்த ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறது. உங்களுக்கு எந்த வார்த்தை இடறியது என்று வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.