சாஹேல் பகுதியின் சிறு விவசாயிகள் வறட்சியை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் மழை இவ்வளவு தாறுமாறாகிவிட்ட பிறகும் சிறு விவசாயிகள் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் வடக்குப் பகுதியில் வெட்டப்படும் ‘ஜாய்’ குழிகள்தான்.

அங்கே நிலம் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். அதனால் மழைக்கு முன்பே, வறண்ட மாதங்களில், சுமார் ஒரு சாண் அகலத்தில் வரிசையாகக் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் கையளவு தொழுவுரம் போடுகிறார்கள். எருவைத் தேடிக் கரையான் வரும். கரையானைப் பயிருக்கு எதிரி என்றுதானே நினைப்போம்? இங்கே அது துளைத்த வழியாகத்தான் மழைநீர் மண்ணுக்குள் போகிறது. அப்புறம் அதே குழியில் சோளமோ கம்போ விதைப்பார்கள். நடுவில் சில நாள் மழை நின்றாலும் அந்த ஈரம் பயிரைக் காப்பாற்றும்.

இந்தப் பழைய முறையை 1980களில் மேம்படுத்திப் பரப்பியவர் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி. பக்கத்து நாடான நைஜரில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டையில் துளிர்ப்பதை அழிக்காமல் காத்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டிருக்கிறார்கள்.

ஆனால் குழி வெட்டுவது கடும் உழைப்பு. ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்ட வீடுகளில் அந்தச் சுமை முழுக்கப் பெண்கள் தலையில் விழுகிறது.