வீட்டிலேயே மூன்றடி மீன் தொட்டி ஒட்டப் போகிறேன், எந்த சிலிகான் வாங்கலாம்?

ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் சிலிகானே போதும் என்றார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் வாங்காதீர்கள்.

குளியலறைக்கென்று விற்கும் சிலிகானில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். டியூபில் ஆன்டி ஃபங்கல், மோல்டு ரெசிஸ்டன்ட், சானிட்டரி என்று ஏதாவது போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டு காய்ந்த பிறகும் அந்த மருந்து தண்ணீரில் இறங்கக்கூடும், மீனுக்கு அது ஆகாது.

தொட்டிக்கு வேண்டியது கலப்பில்லாத 100 சதவீத சிலிகான், அதிலும் அசிட்டாக்ஸி வகை. கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். பிதுக்கியதுமே வினிகர் வாடை அடிக்கும்; காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வருவது அது, முழுதாகக் காய்ந்ததும் போய்விடும். ஆனால் வாடையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பாத்ரூம் சிலிகான்கள் பலவற்றிலும் இதே வாடைதான் வரும். லேபிளைப் படித்தே ஆக வேண்டும். வாடை குறைந்த நியூட்ரல் வகை என்றால், அக்வேரியத்துக்கு ஏற்றது என்று தயாரித்த கம்பெனியே எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள். மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் சீலன்ட், தொட்டிக்கு உதவாது.

பிராண்டை விட நான் முக்கியமாகப் பார்ப்பது தேதி. கடையில் நாள்பட்டுக் கிடந்த டியூப் சரியாக இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 180 லிட்டர். முன் கண்ணாடியை அது ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். அவ்வளவையும் தாங்குவது அந்த ஒட்டுதான். அதனால் முதலில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, நான்கைந்து நாள் கழித்துக் கையால் பிய்த்துப் பாருங்கள். சுலபமாக உரிந்து வந்தால் அந்த டியூப் வேண்டாம். சென்னைப் பக்கம் என்றால் கொளத்தூரில் தொட்டி கட்டுகிறவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஒட்டும் முன் விளிம்புகளை அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள், கைரேகைகூட இருக்கக் கூடாது. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் சிலிகான் காயும். வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்ப வேண்டாம். ஒரு வாரம் விட்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் கசிவு பாருங்கள். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பிடியுங்கள்.

கசிந்தால் பழைய ஒட்டின் மேலேயே பூசாதீர்கள். காய்ந்த சிலிகானில் புது சிலிகான் சரியாக ஒட்டாது, பிளேடால் முழுதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.