பெயர் பதிவாகவில்லை, பாக்கெட்டைக் காப்பியடித்துவிட்டார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: 2018 முதல் மசாலாப் பொடி தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறோம். பெயரை டிரேட்மார்க் பதிவு செய்யவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே நிறப் பாக்கெட்டில் விற்கிறார். பதிவு இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பதிவாகாத பெயருக்கு உரிமை மீறல் வழக்குத்தான் போட முடியாது. தன் சரக்கை உங்கள் சரக்கென்று நம்பவைத்து விற்பவர் மீது 'பாஸிங் ஆஃப்' வழக்கு போடலாம். டிரேட்மார்க் சட்டம், 1999-ன் 27-வது பிரிவு அந்த வழியை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் முதலில் விற்றவர் நீங்கள், அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்கு உங்கள் பொடிதான் நினைவுக்கு வருகிறது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2018 தொடங்கி வருடத்துக்குச் சிலவாகப் பெயர் அச்சிட்ட பில்கள், பாக்கெட் அடித்த அச்சகத்தின் ரசீதுகள், விளம்பரச் செலவுக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பில்லில் வெறும் 'மசாலா 100 கிராம்' என்றிருந்தால் பெயருக்கு அது சாட்சி ஆகாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

அவசரப்பட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நோட்டீஸ் கிடைத்த மறுநாளே சரக்கு இடம் மாறிவிடும். முதலில் இரண்டு மூன்று கடைகளில் அவருடைய பாக்கெட்டைப் பில்லோடு வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். தாமதித்தவருக்கு இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் தயங்கும்.

அதே வாரத்தில் பெயரைப் பதிவு செய்ய டிஎம்-ஏ படிவத்தில் விண்ணப்பியுங்கள். பதிவுக்காகப் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலாவுக்கு 30-வது வகுப்பு. ஊறுகாயும் போடுகிறீர்கள் என்றால் 29-ம் சேர வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய். நிறுவனமாக இருந்தால் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் இணையுங்கள். படிவத்தில் 'இனிமேல் பயன்படுத்த உள்ளது' என்று ஏஜென்ட் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 முதல் பயன்படுத்துவதைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் தயாரிக்கும் வேலை மிச்சம் என்று அப்படிப் போடுவார்கள். உங்கள் 2018-ஐ உங்கள் கையாலேயே அழித்த மாதிரி ஆகிவிடும்.

எதிராளி முந்திக்கொண்டு விண்ணப்பித்திருக்கிறாரா என்று பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அவருடைய விண்ணப்பம் பதிவுத்துறையின் இதழான டிரேட்மார்க் ஜர்னலில் வெளியானால் நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அந்தக் கெடு நீட்டிக்கப்படாது.

போலீஸ் வழி நினைப்பதைவிடக் கரடுமுரடானது. டிரேட்மார்க் சட்டப்படி சோதனையிட டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முன்கூட்டியே டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். லேபிள் ஓவியத்தை அப்படியே நகலெடுத்திருந்தால் பதிப்புரிமைச் சட்டம் கைகொடுக்கும். அதில் சப்-இன்ஸ்பெக்டரே வாரன்ட் இல்லாமல் பறிமுதல் செய்யலாம். ஓவியத்துக்கான பதிப்புரிமை பதிவில்லாமலே உண்டு. சிக்கல், அது யாருடையது என்பதில். டிசைனருக்குக் கூலி கொடுத்ததால் மட்டும் லேபிள் உங்களுடையது ஆகாது. உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர் வரைந்தது என்றால், எழுதி வாங்காதவரை பொதுவாக உரிமை அவரிடமே. இன்றே அவரிடம் உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இரண்டையும் எழுதுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையே அடித்திருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் தனியாகப் புகார் கொடுங்கள். அந்தப் பொடியில் கலப்படம் இருந்தால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பதிவு கிடைக்கும்வரை பெயரருகே 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடக் கூடாது.