உயிலில் தர்மத்துக்கு எழுதி வைக்க: வாசகர் கேள்விகள்

எனக்குக் குழந்தைகள் இல்லை. கணவரும் காலமாகிவிட்டார். என் வீட்டை ஒரு முதியோர் இல்லத்துக்கு எழுதி வைக்க ஆசை. முத்திரைத்தாள் வாங்க வேண்டுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதை இருவரும் பார்த்து, உங்கள் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மூல உயில் தொலைந்தாலும் பதிவு அங்கே இருக்கும்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பெயரை. 'மீதிப் பணம் நம் ஊர் அநாதை இல்லத்துக்கு' என்று ஒரு பெரியவர் எழுதி வைத்திருந்த உயிலைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் அப்படி இரண்டு இல்லங்கள். இருவரும் உரிமை கேட்டு வந்தார்கள். வங்கி யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் இல்லத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் எழுதுங்கள். வீட்டின் சர்வே எண்ணும் இருக்கட்டும். அந்த இல்லம் பிற்பாடு மூடப்பட்டால் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

அப்புறம், எக்ஸிக்யூட்டர். நீங்கள் போன பிறகு சாவியை வாங்கி, வரி பாக்கி கட்டி, சொத்தை ஒப்படைக்கப்போகிறவர் அவர்தான். உங்களைவிட இளையவராக, சம்மதம் சொன்னவராக இருக்க வேண்டும். பச்சையப்ப முதலியார் 1794-ல் தர்மத்துக்கு உயில் எழுதிவிட்டு அதே ஆண்டில் காலமானார். பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் சிக்கி, நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1842-ல்தான் அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது. 48 வருடம்! நல்ல மனது இருந்தும், சொன்னதைச் செய்து முடிக்க ஆள் அமையாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

வீட்டை இப்போதே இல்லத்தின் பெயருக்குத் தானமாக எழுதிவிட்டால் என்ன? – அதே வாசகி

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து ஒப்படைத்துவிட்டால் வீடு அவர்களுடையது. மனது மாறினால் பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

கால் பங்கைக் கோயில் கட்டளைக்கு எழுதினால் மகன்கள் வழக்குப் போடுவார்களா? – வாசகர், திருநெல்வேலி

சுயார்ஜித சொத்தென்றால், அதாவது நீங்களே சம்பாதித்தது என்றால், முழு உரிமையும் உங்களுடையது. பூர்வீகம் என்றால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். வழக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. அது நிற்காதபடி உயிலை எழுதலாம். 'மகன்கள் இருவருக்கும் இன்னின்னது ஏற்கெனவே செய்துவிட்டேன், அதனால் இந்தப் பங்கு கட்டளைக்கு' என்று காரணத்தை எழுதுங்கள். காரணமே சொல்லாமல் பிள்ளைகளைத் தள்ளிவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சாட்சிகளில் ஒருவர் உங்கள் டாக்டராக இருந்தால் நல்லது. நாளை சாட்சிக்கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பதால் வயதானவர்களைத் தவிருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுதினால் அதன்பின் ஒரு வருடமாவது உயிரோடு இருக்க வேண்டுமாமே? – வாசகி, நாகர்கோவில்

நெருங்கிய உறவினர் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தைரியமாக எழுதுங்கள். முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், அடக்கச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலாக எழுதலாம்.

வங்கி டெபாசிட்டுக்குத் தம்பி மகன் நாமினி. உயிலில் டிரஸ்டுக்கு எழுதியிருக்கிறேன். யாருக்குப் போகும்? – வாசகர், கோவை

டிரஸ்டுக்கு. நாமினி பணத்தை வாங்கி, உரியவரிடம் சேர்க்க வேண்டியவர்தான். ஆனால் பணம் முதலில் அவர் கைக்குத்தான் வரும். ஆகவே இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்தானத்தை உயிலில் எழுதினால் போதுமா? – வாசகி, மதுரை

போதாது. பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் உயிலையே பிரிக்கிறார்கள். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். உடல்தானம் என்றால் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் இப்போதே படிவம் கொடுத்துவையுங்கள். கண்வங்கியின் எண்ணைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு அந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.