ஒழுங்கைக்குப் பெயர் இல்லாட்டி 1990 அம்புலன்ஸ் சேவைக்கு என்ன சொல்லுறது?

விலாசத்தை விடுங்கோ, வளவின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை, அதாவது மப்பில் இடத்தைக் காட்டுற இரண்டு எண்களைச் சொல்லுங்கோ. முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் உள்பக்கம் அம்புலன்ஸ் வழி தெரியாமல் சந்தியில் நின்றது எண்டு எழுதியிருந்தீங்கள். அநேகமாகப் பெயரில்லாத ஒழுங்கைதான் காரணம்.

இண்டைக்கே பாருங்கோ: கூகிள் மப்பில் உங்கட வீட்டின்மேல் விரலை அமத்திப் பிடிச்சால் இந்த இரண்டு எண்ணும் வரும். உங்கட பக்கம் முதல் எண் 9 எண்டும் மற்றது 80 எண்டும் தொடங்கவேணும். மட்டையில் பெரிசாய் எழுதிக் கதவடியில் ஒட்டுங்கோ, வீட்டில் தனிய இருக்கிற அம்மம்மாவும் வாசிக்கவேணும். இனி அவசர சேவைகள் இப்பிடியான மப் இடக்குறியை நம்பித்தான் கூடுதலாய் ஓடும்.

ஆனால் மாரியில் மப் காட்டும் குறுக்குப் பாதையை நம்பேலாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் எப்பிடி நின்றது! தண்ணி ஏறாத பாதையையும் அதே மட்டையில் எழுதுங்கோ. இரவெண்டால் சந்திக்கு ஒரு ஆளை டோர்ச்சோட அனுப்புங்கோ.